டெவலப்பரும் தோல் ஒவ்வாமையும்: இருட்டறையில் வேலை செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் புகைப்பட இருட்டறையில் பிரின்ட் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கை கழுவிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். திங்கட்கிழமை ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வலது கையின் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் அரிப்பு தொடங்கியது. சன்னல் வெளிச்சத்தில் விரலைச் சாய்த்துப் பார்த்தபோது, வேகவைத்த ஜவ்வரிசியைத் தோலுக்கு அடியில் பதித்து வைத்தாற்போலச் சின்னஞ்சிறு நீர்க்கொப்புளங்கள் வரிசையாகத் தெரிந்தன. மோதிரத்துக்கு அடியில் அவை இன்னும் நெருக்கமாக இருந்தன. மூன்று ஆண்டுகளாக, படத்தைத் தெரியவைக்கும் அதே டெவலப்பர் கரைசலில், அதே தட்டில், வெறும் விரலால் காகிதத்தை அமிழ்த்தியும் திருப்பியும் பழகியவன் என்பதால், டெவலப்பர்மீது எனக்குச் சந்தேகமே எழவில்லை. அந்த வாரம் மாற்றிய குளியல் சோப்பின்மீது பழியைப் போட்டேன். அதனால் மேலும் நான்கு மாதங்கள் வெறுங்கையோடு இருட்டறைக்குள் போய்வந்து, விரல்களில் வெடிப்பும் நீர்க்கசிவுமாக அல்லல்பட்டேன்.

"இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே" என்ற எண்ணமே இந்த நோயில் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. ஒவ்வாமை என்பது பெரும்பாலும் பழகிய பொருளிலிருந்துதான் வருகிறது. இரசாயனத்தின் சிறு மூலக்கூறு தோலுக்குள் புகுந்து, அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலின் காவல் செல்கள் அதைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. இந்தப் பாடம் முடியக் குறைந்தது 10 முதல் 14 நாள்கள் ஆகலாம். பல ஆண்டுகளும் ஆகலாம். பாடம் ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்த முறை ஒரு துளி பட்டாலே 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அந்த இடம் பொங்கிவிடும். அந்த நினைவு சாதாரணமாக மறைவதில்லை. பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. ஆகவே கொப்புளத்தை ஆற்றுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எந்தப் பொருள் என்று கண்டுபிடித்து, அதைக் கையிலிருந்து விலக்குவதுதான் உண்மையான சிகிச்சை.

குற்றவாளிகள் யார்

கறுப்பு வெள்ளை இருட்டறையில் முதலில் சந்தேகிக்க வேண்டிய பொருள் மெட்டால். ஜெர்மனியின் ஹாஃப் நிறுவனம் 1891-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வெண்தூளை, கோடாக் நிறுவனம் எலான் என்ற பெயரில் விற்றது. டி-76, ஐடி-11, டி-23, காகிதத்துக்கான டி-72, அதன் கடைச்சரக்கு வடிவமாகிய டெக்டால் ஆகிய டெவலப்பர்கள் எல்லாவற்றிலும் மெட்டால் உண்டு. ஒரு லிட்டர் டி-76-இல் 2 கிராம் மெட்டால்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வாமை வந்த கைக்கு அதுவே மிக அதிகம். பழைய நூல்களில் மெட்டால் நோய்க்குக் காரணம் அதில் கலந்திருந்த பாரா-ஃபினைலீன்டையமின் போன்ற மாசுகளே என்று எழுதியிருப்பார்கள். மாசு நீங்கிய மெட்டால் வந்த பிறகு தொல்லை குறைந்தது என்பதும் மெய்தான். ஆயினும் தூய மெட்டாலும் சிலரைத் தாக்குகிறது என்பதால், "சுத்தமான சரக்கு வாங்கினால் போதும்" என்ற ஆறுதலை நம்ப வேண்டாம்.

டெவலப்பரில் மெட்டாலோடு சேரும் ஹைட்ரோகுயினோன் ஒவ்வாமையை அவ்வளவு எளிதில் உண்டாக்குவதில்லை. எனினும் நீண்டகாலம் தோலில் பட்டால் நிறமிழப்பை ஏற்படுத்தக்கூடும். மாநிறத் தோலில் அந்த வெள்ளைத் திட்டு தெளிவாகத் தெரியும். பாரா-அமினோஃபினால் கொண்ட ரோடினால், மெட்டாலின் நெருங்கிய உறவினர். மெட்டால் ஒவ்வாதவர் மாற்றாக ரோடினாலை எடுப்பது, வீட்டுக்கு வேண்டாதவரை அனுப்பிவிட்டு அவருடைய தம்பியை உள்ளே அழைப்பதைப் போன்றது. பைரோகேட்டகால் கலந்த கறைபடுத்தும் டெவலப்பர்களும் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் தன்மை உள்ளவை.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் உள்ள அசெட்டிக் அமிலம் பெரும்பாலும் எரிச்சல்தான் தரும். ஹைப்போ என்று நாம் சொல்லும், படத்தை நிலைநிறுத்தும் பிக்சரும் அப்படியே. ஆனால் படத்தின் ஜெலட்டின் படலத்தைக் கெட்டிப்படுத்த அதில் குரோம் ஆலம் சேர்த்திருந்தால் குரோமியம் ஒவ்வாமையை நினைவில் வைக்க வேண்டும். கம் பைகுரோமேட் போன்ற பழைய அச்சுமுறைகளில் பயன்படும் பொட்டாசியம் டைகுரோமேட் இதில் மிகக் கொடியது. சிமென்ட்டில் வேலை செய்யும் கொத்தனார்களின் கைகளில் ஆறாத வெடிப்பாக வருவதும் இதே அறுமதிப்புக் குரோமியத்தால்தான். டைகுரோமேட் தோலுக்கு மட்டுமன்றிப் புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடிய நச்சு என்பதால், அதைப் பற்றி எவரும் என்னிடம் யோசனை கேட்டால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வண்ணப் படத்தைக் கழுவுவதில் ஆபத்து ஒரு படி மேல். அங்குள்ள டெவலப்பர்கள் எல்லாமே பாரா-ஃபினைலீன்டையமினின் வழித்தோன்றல்கள்: வண்ண நெகடிவுக்காக 1972-இல் வந்த சி-41 முறையில் சிடி-4, ஸ்லைடுக்கான இ-6 முறையிலும் காகிதத்துக்கான ஆர்ஏ-4 முறையிலும் சிடி-3, சினிமாப் பிரதிகளுக்கான ஈசிபி-2 முறையில் சிடி-2. இவற்றில் சிடி-3 சற்றுச் சாதுவானது என்று கருதப்படுகிறது. அதற்காக அதைக் கையால் தொடலாம் என்று பொருளில்லை. வண்ண டெவலப்பருக்கே உரிய ஒரு விசித்திரமான வடிவம் உண்டு. மணிக்கட்டிலும் முன்கையிலும் தட்டையான தலையோடு, ஊதா கலந்த கருநிறத்தில், பளபளப்பான அரிப்புத் தடிப்புகள் தோன்றும். லைக்கன் பிளேனஸ் என்னும் நோயைப் போலவே இருக்கும். 1950-களின் இறுதியிலிருந்தே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். தடிப்பு அடங்கிய பின்பும் கரும்புள்ளி பல மாதம் நிற்கும். பழைய வண்ண நிலைநிறுத்திகளில் இருந்த ஃபார்மால்டிஹைடும், எக்ஸ்ரே டெவலப்பரில் கெட்டிப்படுத்தியாகச் சேர்க்கப்படும் குளுட்டரால்டிஹைடும் தனித்தனியாக ஒவ்வாமையை உண்டாக்க வல்லவை.

படி 1: எரிச்சலா, ஒவ்வாமையா என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டும் தோலழற்சிதான், ஆனால் நடந்துகொள்ளும் விதம் வேறு. எரிச்சல் தோலழற்சி என்பது தேய்மானம். காரத்தன்மை மிகுந்த டெவலப்பரோ அமிலமோ தோலின் எண்ணெய்ப் படலத்தை அரித்துவிடுவதால், பட்ட இடம் மட்டும் வறண்டு, சுருங்கி, வெடிக்கும். பட்டவுடன் அல்லது சில மணி நேரத்தில் எரியும். வேலையை நிறுத்திய சில நாள்களில் தேறும். போதிய அளவு பட்டால் யாருக்கும் வரும். ஒவ்வாமைத் தோலழற்சியில் அரிப்பே முதன்மை. தொட்ட அன்று அமைதியாக இருந்து, இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் எழும். பட்ட இடத்தைத் தாண்டிப் பரவும். மிகச் சிறிய அளவுக்கும் வரும். இரண்டும் ஒரே கையில் சேர்ந்தே இருப்பதும் உண்டு, ஏனெனில் எரிச்சலால் பிளந்த தோலின் வழியே ஒவ்வாமைப் பொருள் எளிதாக உள்ளே போகிறது.

ஒவ்வாமையைக் காட்டிக்கொடுக்கும் ஓரிடம் கண்ணிமை. இமையின் தோல் மிக மெல்லியது. விரல் நுனியில் ஒட்டிய டெவலப்பரும், எடை போடும்போது பறந்த தூளும் கையில் எதையும் காட்டாமல் இமையை வீங்கவைத்துவிடும். கையில் ஒன்றுமில்லாமல் காலையில் இமை தடித்து எழுபவர், முந்தைய இரண்டு மூன்று நாள்களில் இருட்டறைக்குள் போனாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்முடைய தோல் நிறத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவப் படங்களில் தோலழற்சி என்றால் இளஞ்சிவப்பாகக் காட்டியிருப்பார்கள். மாநிறத்திலும் கருநிறத்திலும் அது சிவப்பாகத் தெரியாது. சாம்பல் பூத்ததாகவோ, ஊதா கலந்த கருமையாகவோ, சற்றுப் பளபளப்பாகவோ தெரியும். கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையால் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் அங்கே அழற்சி இருக்கிறது.

மறுபுறம், விரலில் வரும் எல்லா அரிப்பும் டெவலப்பரால் வருவதில்லை. விரலிடுக்கில் வெண்மையாக ஊறிப்போன தோல் பூஞ்சையாக இருக்கலாம். இரவில் மிகுந்து வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் இருக்கும் அரிப்பு சிரங்காக இருக்கலாம். நகத்திலும் விரலிலும் படியும் கறை ஒவ்வாமையே அன்று: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் அமிடால் என்னும் டெவலப்பரில் பிரின்ட் போட்டு நகங்களைக் கறுப்பாக்கிக்கொண்டதைப் புகைப்படக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள், அது சாயம் ஏறியது, நோயன்று. ஆனால் கறை படிகிற அளவுக்குத் தோல் நனைந்திருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும்.

படி 2: முதல் 48 மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

மோதிரம், கைக்கடிகாரம், காப்பு, கயிறு அனைத்தையும் முதலில் கழற்றுங்கள். அவற்றுக்கு அடியில் தங்கிய துளி நாள் கணக்கில் தோலை நனைத்துக்கொண்டே இருக்கும். என் விரலில் மோதிரத்துக்கு அடியிலேயே கொப்புளம் மிகுந்ததற்கு இதுவே காரணம். டெவலப்பர் தெறித்திருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமையைத் திறந்து பிடித்து அதே அளவு நேரம் கழுவிவிட்டு, எரிச்சல் நின்றாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். துணி துவைக்கும் சோப்பைக் கொண்டு கையைத் தேய்க்காதீர்கள். அது காரம், டெவலப்பரும் காரம். நடுநிலையான அல்லது சற்றே அமிலத்தன்மையுள்ள மென்மையான கைகழுவும் திரவமே ஏற்றது.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். நீர் கசிந்தால், சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, 15 அல்லது 20 நிமிடம் மூடி வைத்து எடுப்பதை ஒரு நாளில் மூன்று நான்கு முறை செய்தால் அரிப்பும் கசிவும் தணியும். கசிவு நின்ற பிறகு வாசனையில்லாத வெள்ளை வாசலினைத் தடவுங்கள். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, எலுமிச்சை ஆகியவற்றை வீட்டார் அன்போடு எடுத்து வருவார்கள். கிழிந்த தோலில் அவற்றைப் போட வேண்டாம். மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது.

மருந்துக்கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் களிம்பைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று தரப்படும் பல களிம்புகளில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, நுண்ணுயிர்க் கொல்லி ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். போட்டவுடன் அரிப்பு அடங்கும். ஆனால் அது உண்மையில் பூஞ்சையாக இருந்தால் உள்ளுக்குள் பரவும், தோல் மெலியும், மருத்துவர் பார்க்கும்போது நோயின் உருவமே மாறியிருக்கும். ஒவ்வாமைத் தோலழற்சிக்கு ஸ்டீராய்டு களிம்பு சரியான மருந்துதான். எந்த வீரியம், எத்தனை நாள், எந்த இடத்தில் என்பதைத் தோல் மருத்துவர் சொல்ல வேண்டும். உள்ளங்கைக்குத் தருவதை இமையில் தடவக் கூடாது.

முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், தலைசுற்றினால் அது வேறு நிலைமை. உடனே 108-ஐ அழையுங்கள். சீழ், காய்ச்சல், கையில் சிவந்த கோடு ஏறுதல் ஆகியவை நோய்த்தொற்றின் அடையாளம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

படி 3: பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள்

"படம் கழுவுகிற மருந்து பட்டது" என்று மட்டும் சொன்னால், இருட்டறையையே பார்த்திராத இளம் மருத்துவர் ஒருவரால் அதை வைத்து அதிகம் செய்ய முடியாது. போவதற்கு முன் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு டெவலப்பர், ஸ்டாப் பாத், பிக்சர், டோனர் ஆகியவற்றின் பெயரும் அவற்றில் உள்ள வேதிப்பொருள்களும். கடந்த ஒரு மாதத்தில் எந்த நாளில் எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தீர்கள் என்பது. எந்த நாளில் எங்கே அரிப்பு தொடங்கியது என்பது. நிறுவனங்கள் தம் இணையத்தளத்தில் வைத்திருக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை அச்சிட்டு உடன் கொண்டு போனால் இன்னும் நல்லது. அரிப்பு முற்றியிருந்த நாளில் கைபேசியில் எடுத்த படமும் உதவும். மருத்துவரைப் பார்க்கும் நாளில் தோல் அடங்கியிருக்கும்.

உறுதி செய்யும் வழி பேட்ச் டெஸ்ட். ஜடாசன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் 1895-இல் அறிமுகப்படுத்திய முறையின் தொடர்ச்சி இது. சந்தேகத்துக்குரிய பொருள்களை உரிய அளவில் நீர்த்து, சிறு அலுமினியக் குழிகளில் வைத்து, முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். அன்றும், பின்பு நான்காம் நாளும், தேவைப்பட்டால் ஏழாம் நாளும் முதுகைப் பார்ப்பார்கள். அந்த நாள்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது. வியர்க்கும் வேலை கூடாது. மே மாதத்தில் இந்தச் சோதனைக்குப் போய் வியர்வையில் ஒட்டுகள் கழன்று விழுந்தவர்களை எனக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்கள் வசதி. சோதனைக்கு முன்னர் வாய்வழி ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது விளைவை மறைத்துவிடும்.

இங்கேதான் பலரும் ஏமாறும் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தியாவில் வழக்கமாகப் போடப்படும் அடிப்படைத் தொகுப்பில் பாரா-ஃபினைலீன்டையமின், பொட்டாசியம் டைகுரோமேட், ஃபார்மால்டிஹைடு, நிக்கல், பார்த்தீனியம் போன்றவை உண்டு. மெட்டால் இல்லை, வண்ண டெவலப்பர்களும் இல்லை. ஆகவே "டெஸ்டில் ஒன்றும் வரவில்லை" என்ற பதிலை வைத்து டெவலப்பரை விடுதலை செய்துவிடாதீர்கள். புகைப்பட வேதிப்பொருள்களுக்கென்றே தனித் தொகுப்பு கிடைக்கிறது. மெட்டாலைப் பெட்ரோலேட்டத்தில் (வாசலினில்) 1 விழுக்காடு கலந்து சோதிப்பது வழக்கம். மருத்துவக் கல்லூரிகளின் தோல் நோய்ப் பிரிவில் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் வீட்டில் டெவலப்பரைப் பஞ்சில் நனைத்துத் தோலில் கட்டிச் சோதிக்காதீர்கள். காரம் தோலைச் சுட்டு, ஒவ்வாமையே இல்லாதவருக்கும் புண்ணை உண்டாக்கும். அதைவிட மோசம், இதுவரை இல்லாத ஒவ்வாமையை நீங்களே புதிதாக வரவழைத்துக்கொள்ளக்கூடும்.

தொழிலாகச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தில், வேதிப்பொருள்களும் வண்ணப்பூச்சுகளும் நேரடியாகப் பட்டு வரும் தோலழற்சி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வரும் லேபில் வேலை செய்பவர், இது வேலையால் வந்தது என்று மருத்துவர் எழுதித் தருமாறு கேட்பதில் தயக்கம் காட்ட வேண்டியதில்லை.

படி 4: டெவலப்பரை மாற்றுங்கள்

மெட்டால்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால், கையுறையை நம்பி அதே டெவலப்பரைத் தொடர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என்றைக்காவது ஒருநாள் கையுறை கிழியும். மாற்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1940-இல் கண்டறியப்பட்ட ஃபினிடோன் மெட்டாலின் வேலையைச் செய்கிறது. ஒவ்வாமையை மிக அரிதாகவே உண்டாக்குகிறது. பழைய லேபிள்களைப் படிக்க ஒரு குறிப்பு: எம்க்யூ என்றால் மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும், பிக்யூ என்றால் ஃபினிடோனும் ஹைட்ரோகுயினோனும். பிலிமுக்கு மைக்ரோஃபென், 1996-இல் வந்த எக்ஸ்டால் ஆகிய இரண்டிலும் மெட்டால் இல்லை. எக்ஸ்டாலில் ஹைட்ரோகுயினோனும் இல்லை, அந்த இடத்தில் வைட்டமின் சி-யின் நெருங்கிய உறவாகிய ஐசோஅஸ்கார்பேட் உப்பு வேலை செய்கிறது. காகிதத்துக்கு இல்ஃபோர்டின் மல்டிகிரேடு டெவலப்பரோ பிக்யூ யுனிவர்சலோ பொருந்தும். டி-76-இன் சாயலிலிருந்து எக்ஸ்டாலுக்கு மாறியபோது என் நெகடிவ்களில் நான் வருந்தும்படி எதையும் இழக்கவில்லை. காகிதத்தில் மட்டும் தொனி சற்றுக் குளிர்ந்தது. அதற்குக் கண் பழக இரண்டு வாரம் ஆயிற்று.

சொந்தமாகக் கலப்பவர்கள் மெட்டாலின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு ஃபினிடோன் போட்டுத் தொடங்கலாம். அது தண்ணீரில் எளிதில் கரையாது; முதலில் சிறிதளவு புரொப்பிலீன் கிளைகாலில் கரைத்துக்கொள்ள வேண்டும். பொட்டாசியம் புரோமைடு ஃபினிடோனைப் போதிய அளவு கட்டுப்படுத்தாது என்பதால், காகிதத்தில் மூட்டம் விழாமலிருக்க பென்சோட்ரையசால் தேவைப்படும். காபித்தூளும் சலவைச் சோடாவும், பின்னாளில் வைட்டமின் சி-யும் சேர்ந்த காஃபினால் என்னும் டெவலப்பர் 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்து வகுப்பறை ஒன்றில் பிறந்தது. அது பிலிமைக் கழுவுகிறது. ஆனால் சலவைச் சோடாவின் காரம் வெறுங்கையைக் கட்டாயம் அரிக்கும். காபிதானே என்று கையை விடக் கூடாது.

வண்ண டெவலப்பர் ஒவ்வாதவருக்கு இப்படிப்பட்ட நல்ல மாற்று கிடையாது. வண்ண முறைகள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருளையே நம்பியிருக்கின்றன. வண்ணப் பிலிமை லேபுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் கறுப்பு வெள்ளையை மட்டும் வைத்துக்கொள்வதே நான் சொல்லும் வழி.

படி 5: இருட்டறையை மறுபடி ஒழுங்கு செய்யுங்கள்

மிக ஆபத்தான நேரம் தட்டில் கை வைக்கும் நேரமன்று. தூளை எடை போடும் நேரம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க மெட்டாலை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத படலமாக அது மேசை, நெகடிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர், துண்டு, விளக்குச் சுவிட்ச் எல்லாவற்றிலும் படிந்துவிடும். பிறகு ஈரக்கையோடு நீங்கள் தொடும் ஒவ்வோரிடமும் டெவலப்பர்தான். விசிறியை நிறுத்துங்கள், முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, பெரிய தாளை விரித்து அதன்மேல் அளந்து, வேலை முடிந்ததும் தாளை உள்பக்கமாக மடித்து அப்புறப்படுத்துங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இயன்றவரை திரவமாக விற்கப்படும் டெவலப்பரையே வாங்குங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

பிலிமை மூடிய டாங்கில் கழுவுவதால் அங்கே கை நனையும் வாய்ப்பு குறைவு. மூடியிலிருந்து கசிவதை மட்டும் கவனித்தால் போதும். தட்டில் காகிதம் கழுவும்போது ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடுக்கி வையுங்கள். டெவலப்பர் தட்டின் இடுக்கி வேறு தட்டுக்குப் போகவே கூடாது. இடுக்கியின் பிடி நனைந்துவிட்டால் இடுக்கி இருந்தும் பயனில்லை. ஆதலால் தட்டின் விளிம்பில் பிடி மேலே இருக்கும்படி சாய்த்து வைக்கப் பழகுங்கள்.

கையுறையில் நைட்ரைல் வகையைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய இலேட்டெக்ஸ் கையுறை எளிதில் ஊடுருவப்படுவதோடு, அதுவே சிலருக்கு ஒவ்வாமை தரும். இரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுரம் போன்ற பொருள்களால் கை அரிக்கத் தொடங்கி, "கையுறை போட்டும் டெவலப்பர் விடவில்லை" என்று தவித்தவர்கள் உண்டு. அடர் அசெட்டிக் அமிலத்தைக் கையாள ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய நைட்ரைல் போதாது. தடித்த நியோப்ரீன் வேண்டும். நம் ஊர் வெயிலில் கையுறைக்குள் அரைமணி நேரத்தில் வியர்வை தேங்கிவிடும், ஊறிய தோல் எதையும் உள்ளே விடும். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டு, மணிக்கொருமுறை இரண்டையும் மாற்றுங்கள். கழற்றுவதற்கு முன் வெளிப்புறத்தைத் தண்ணீரில் கழுவி, மணிக்கட்டுப் பக்கமாக உட்புறம் வெளியே வரும்படி உரித்தெடுங்கள். ஒருமுறை கழற்றிய கையுறையைத் திருப்பிப் போடுவது, டெவலப்பரைத் தோலோடு சேர்த்து மூடிக் கட்டுவதற்குச் சமம். காப்புக் களிம்புகள் கையுறைக்கு ஈடாகமாட்டா.

படி 6: இருட்டறைக்கு வெளியேயும் பாருங்கள்

வண்ண டெவலப்பரின் தாய்ப்பொருளாகிய பாரா-ஃபினைலீன்டையமின், கருப்பு முடிச்சாயத்தில் அன்றாடம் பயன்படும் பொருள். கருமையாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சில கருப்பு மருதாணிக் கலவைகளிலும் அது சேர்க்கப்படுகிறது. இருட்டறையில் ஒவ்வாமை பெற்றவர் தலைக்குச் சாயம் போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ, நெற்றியும் காதோரமும் இமையும் வீங்கி நிற்க நேரிடலாம். இதற்கு மாறாக, சாயத்தால் ஒவ்வாமை பெற்றவர் முதன்முறையாக வண்ணப் பிலிமைக் கழுவும்போதே கொப்புளத்தோடு திரும்பலாம். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் களிம்பு, சல்ஃபா மருந்துகள் ஆகியவையும் சிலருக்கு இதே குடும்பத்தின் எதிர்வினையைத் தரும். பல் மருத்துவர் உட்பட யாரிடம் போனாலும் உங்கள் பேட்ச் டெஸ்ட் முடிவைச் சொல்லுங்கள். சாயப் பெட்டியின் பின்புறப் பட்டியலை வாங்குமுன் படியுங்கள்.

படி 7: திரும்பிப் போகும் நாள்

தோல் வெளிப்பார்வைக்கு ஆறிய பிறகும் அதன் தடுப்புச்சுவர் முழுமையாகத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். கொப்புளம் மறைந்த மறுநாளே உள்ளே போகாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் கையை உலர்வாக வைத்து, கழுவும் ஒவ்வொரு முறையும் வாசலின் தடவி வாருங்கள். அந்த இடைவெளியில் பழைய டெவலப்பர் புட்டிகளையும் மெட்டால் டப்பாவையும் ஒவ்வாமையில்லாத நண்பர் ஒருவரிடம் கொடுத்து அப்புறப்படுத்துங்கள். தட்டுகள், இடுக்கிகள், அளவுக் குவளைகள், மேசை, சுவிட்ச், கதவுக் கைப்பிடி அனைத்தையும் கையுறையோடு இரண்டு முறை கழுவித் துடையுங்கள். இருட்டறைத் துண்டைத் துவைக்காமல் எறிந்துவிடுங்கள். நான் எல்லாவற்றையும் மாற்றியும் ஒருமுறை அரிப்பு திரும்பியது. காரணம், என்லார்ஜரின் குவியக் குமிழில் பழைய விரல்தடமாகக் காய்ந்திருந்த பழுப்பு நிறப் படலம். ஈரத்துணியால் துடைத்தபோது துணியில் தேநீர்க் கறைபோல இறங்கியது.

முதல் நாள் புதிய டெவலப்பரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதீர்கள். அதற்குப் பின் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். இரண்டாம் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் காலையில் விரல்களின் பக்கவாட்டையும் மணிக்கட்டையும் இமைகளையும் வெளிச்சத்தில் பார்த்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஏழாம் நாளும் தோல் அமைதியாக இருந்தால் அடுத்த முறை நேரத்தைக் கூட்டலாம். ஒரே ஒரு ஜவ்வரிசி தெரிந்தாலும், அந்த டெவலப்பரின் மூடியைத் திறக்காமல் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி மருத்துவரிடம் போங்கள்.